தனியறையில் இயங்கும் மென்பொருள்கள்: லினக்ஸ் உபயோகிப்போர் அறிய வேண்டியவை

கணிப்பொறியில் வேலை செய்யும் ஒருவருக்குத் தம் கோப்பு கண்ணெதிரே இருந்தும் அதைத் திறக்க இயலாமற் போவதைப்போல் எரிச்சலூட்டும் அநுபவம் வேறொன்றில்லை. ஆசிரியர் ஒருவர் வீட்டில் தயாரித்த வினாத்தாளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியிலுள்ள கணிப்பொறியில் லினக்ஸ் இயங்குகிறது. பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள கோப்புகள் யாவும் திரையில் தோன்றுகின்றன. ஆனால், அண்மையில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருளின் வழியே வினாத்தாளைத் திறக்க முயன்றால், ‘அனுமதி இல்லை’ என்று அது மறுத்துவிடுகிறது. பென்டிரைவில் பழுதில்லை, கோப்பும் கெடவில்லை, ஆசிரியரும் பிழை செய்யவில்லை. அம்மென்பொருள் நாற்புறமும் சுவர் எழுப்பிய தனியறை ஒன்றினுள் இயங்குகிறது. அவ்வறையின் ஜன்னல் பென்டிரைவின் பக்கம் திறந்திருக்கவில்லை என்பதே காரணமாகும்.

மென்பொருளை இவ்வாறு தனியறையில் அடைத்து வழங்கும் முறை, சென்ற பத்தாண்டுகளில் லினக்ஸ் உலகில் விரைந்து பரவியுள்ளது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ஸாண்ட்பாக்ஸ்’ என்னும் சொல், குழந்தைகள் விளையாடும் மணற்பெட்டியைக் குறிப்பது. பெட்டிக்குள் என்ன செய்தாலும் வெளியே மணல் சிந்தாது என்பது கருத்து. இம்முறையின் நன்மைகளைப் பலரும் எடுத்துரைக்கின்றனர். அன்றாட வேலைக்குக் கணிப்பொறியை உபயோகிப்போர் அந்நன்மைகளுக்குக் கொடுக்கும் விலை யாது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கேரளப் பள்ளிகளுக்காகக் ‘கைட்’ நிறுவனம் வழங்கும் லினக்ஸ் உபுண்டுவையும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ டெபியனையும் அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே, நம் நாட்டு ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் இவ்விஷயத்தை அறிந்திருப்பது நலம்.

பொதுக் கிணறும் தனிக் கிணறும்

லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட கருநிரலின் பெயர். அக்கருவைச் சுற்றித் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து முழு அமைப்பாகத் தொகுத்து அளிப்பதை ‘வழங்கல்’ என்பர். 1993-இல் தொடங்கிய டெபியன், 2004-இல் தொடங்கிய உபுண்டு ஆகியவை இத்தகைய வழங்கல்களே.

இவற்றில் தொன்றுதொட்டு வழங்கும் முறை, ஊருக்கு ஒரு பொதுக் கிணறு வைத்திருப்பதைப் போன்றது. படத்தைத் திரையில் காட்டுதல், எழுத்தை வரைதல், செய்தியை மறைகுறியாக்கி அனுப்புதல் முதலிய பணிகள் எல்லா மென்பொருள்களுக்கும் வேண்டியவை. அப்பணிகளைச் செய்யும் நிரல்கள் ‘பொது நிரல்கள்’ என ஒரே இடத்தில் வைக்கப்படுகின்றன. மென்பொருள்கள் யாவும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வழங்கலின் தொண்டர்கள் ஒவ்வொரு மென்பொருளையும் சோதித்து, மற்றவற்றோடு இசையச் செய்து, பொதியாகக் கட்டுகின்றனர். 2023-இல் வெளியான டெபியன் 12-ஆம் பதிப்பில் இவ்வாறு கட்டப்பட்ட பொதிகள் 64,000-க்கு மேற்பட்டவை.

இம்முறையின் வலிமை 2014 ஏப்ரலில் தெளிவாக விளங்கிற்று. மறைகுறியாக்கத்துக்குரிய ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்னும் பொது நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர்பெற்ற பெருங்குறை ஒன்று அப்பொழுது கண்டுபிடிக்கப்பட்டது. வழங்கல்கள் அந்த ஒரு நிரலைத் திருத்தி அனுப்பின; அதை நிறுவி இயந்திரத்தை மறுபடி இயக்கியவுடன், அப்பொது நிரலைச் சார்ந்திருந்த மென்பொருள்கள் யாவும் ஒருங்கே காப்புப் பெற்றன. கிணற்றைத் துப்புரவு செய்தால் ஊர் முழுவதற்கும் நல்ல நீர் கிடைப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

எனினும், பொதுக் கிணற்றுக்குரிய தொல்லைகளும் உண்டு. ஒரு மென்பொருளை எழுதியவர், டெபியனுக்கு ஒரு விதமாகவும் ஃபெடோராவுக்கு வேறு விதமாகவும் அதைக் கட்ட வேண்டியிருந்தது. அன்றியும், நிலையான வழங்கலில் ஒருமுறை இடம்பெற்ற மென்பொருள், அடுத்த பதிப்பு வரும் வரையில் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். டெபியனில் இந்த இடைவெளி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

இக்குறைகளைப் போக்கவே புதிய முறைகள் தோன்றின. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தார் உருவாக்கிய ‘ஸ்நாப்’, 2016-இல் உபுண்டுவின் மேசைப் பதிப்பில் இடம்பெற்றது. முன்னர் வேறு பெயரில் இருந்த ‘ஃபிளாட்பேக்’ அதே ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. அதன் முதற் பெரும்பதிப்பு 2018-இல் வெளிவந்தது. மென்பொருளும் அதற்கு வேண்டிய நிரல்களும் சேர்த்துக் கட்டப்படுவதால், ஒரே பொதி எல்லா வழங்கல்களிலும் இயங்கும். கருநிரலிலேயே அமைந்துள்ள பிரிப்பு வசதிகளைக் கொண்டு அப்பொதியைச் சுற்றிச் சுவர் எழுப்பப்படுகிறது. ‘ஆப்இமேஜ்’ என்னும் மூன்றாவது முறையும் அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்குவதேயாயினும், அது தானாகச் சுவர் எழுப்புவதில்லை. இவ்வேற்றுமையை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மென்பொருளை எழுதுவோருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர்கள் தோளிலிருந்து இறங்கிய சுமையில் ஒரு பகுதி உபயோகிப்போரின் தோளில் ஏறியிருக்கிறது.

இடமும் நேரமும்

முதற் சுமை, வன்தட்டில் செலவாகும் இடம். ஃபிளாட்பேக் மென்பொருள்கள் ‘இயங்குதளம்’ எனப்படும் அடிப்படை நிரல் தொகுதி ஒன்றின்மேல் நிற்கின்றன. இத்தொகுதி ஒவ்வொன்றும் பல நூறு மெகாபைட் அளவினது. ஒரே தொகுதியின்மேல் பத்து மென்பொருள்கள் நின்றால் நஷ்டமில்லை. நடைமுறையிலோ, ஒன்று க்னோம் தொகுதியையும் மற்றொன்று கேடிஇ தொகுதியையும் கேட்கும். வேறொன்று அதே தொகுதியின் சென்ற ஆண்டுப் பதிப்பைக் கேட்கும். இரு தொகுதிகளுக்கும் பொதுவான கோப்புகளை இரட்டிக்காமல் ஒரே பிரதியாகச் சேமிக்கும் ஏற்பாடு இருப்பினும், சிறியதொரு மென்பொருளை நாடியவர் முதன்முறை பெருந்தொகுதியையே இறக்க நேரிடுகிறது. என்விடியா வரைகலை அட்டை உள்ள இயந்திரத்தில், அட்டைக்குரிய இயக்கிநிரலின் பிரதி ஒன்று தனியறைக்குள்ளும் வேண்டும். வெளியிலுள்ளதன் பதிப்பு மாறும்போதெல்லாம் உள்ளேயுள்ளதும் மாறவேண்டும்.

ஸ்நாப் முறையில் ஒரு மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால், பழைய பதிப்பும் உடன் வைக்கப்படுகிறது. புதியது சரிவர இயங்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம் என்பது இதன் அனுகூலம். 500 கிகாபைட் தட்டுள்ளவருக்கு இது பொருட்டன்று. ஆனால், 32 அல்லது 64 கிகாபைட் மட்டுமே கொண்ட சிறு மடிக்கணிப்பொறியில், நிரம்பிப்போன தட்டுக்குக் காரணம் தெரியாமல் உபயோகிப்போர் திகைக்கின்றனர்.

அடுத்தது நேரம். ஸ்நாப் பொதி அழுத்திச் சுருக்கிய நிலையில் தட்டில் இருப்பது. திறக்கும்போது அதை விரித்துப் படிக்க வேண்டியிருப்பதால், இயந்திரத்தை இயக்கியபின் முதன்முறை திறக்கையில் தாமதம் உண்டாகிறது. 2018-இல் வெளியான உபுண்டு 18.04 பதிப்பில், கணக்கிடு கருவி முதலிய சில சிறு மென்பொருள்கள் ஸ்நாப் பொதிகளாக அளிக்கப்பட்டன. கூட்டல் கழித்தலுக்காகத் திறக்கும் சிறு கருவிக்காகக் காத்திருப்பதா என்று பலர் முறையிட்டனர். 2020-இல் வெளியான 20.04 பதிப்பில் அக்கருவி பழைய முறைப் பொதியாகவே திரும்பியது. 2022-இல் வெளியான 22.04 பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஸ்நாப் பொதியாக மட்டுமே வழங்கப்பட்டபோது அதே முறையீடு மீண்டும் எழுந்தது. அழுத்தும் முறையை மாற்றியும் வேறு திருத்தங்கள் செய்தும் தாமதத்தைக் கனோனிக்கல் நிறுவனத்தார் பெரிதும் குறைத்தனர் என்பதையும் கூறுதல் நியாயம். ஆயினும், பழைய இயந்திரங்களில் வேற்றுமை உணரத்தக்கதாகவே உள்ளது.

கோப்புகளும் கருவிகளும்

இடத்தையும் நேரத்தையும் பணங்கொடுத்துச் சரிக்கட்டலாம். புதிய தட்டும் விரைந்த இயந்திரமும் கடையில் கிடைக்கும். சுவரினால் நேரும் தடையை அவ்வாறு சரிக்கட்ட முடியாது.

ஸ்நாப் முறையில், கழற்றக்கூடிய தட்டுகளைக் காணும் அனுமதி பெரும்பாலான மென்பொருள்களுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. உபயோகிப்போரே தேடிச்சென்று வழங்கவேண்டும். தொடக்கத்தில் கூறிய வினாத்தாள் விஷயத்தில் நிகழ்ந்தது இதுவே. வீட்டுக் கோப்புறையின் பிற கோப்புகளைக் காணும் மென்பொருளும், பெயரின் முன்னே புள்ளியிட்ட மறைகோப்புகளைக் காணாது. தற்காலிகக் கோப்புகளுக்கான இடமும் அறைக்குள் தனியாக உள்ளது. ஒரு மென்பொருள் அங்கே வைத்ததை மற்றொன்று எடுக்க இயலாது.

இதற்குப் பரிகாரமாக ‘வாயில்’ என்னும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. மென்பொருள் கோப்பைக் கேட்டால், அறைக்கு வெளியேயுள்ள ஒரு பணிநிரல் கோப்புப் பட்டியலைக் காட்டுகிறது. உபயோகிப்போர் தேர்ந்த கோப்பு மட்டும் உள்ளே அனுப்பப்படுகிறது. சிறந்த யோசனையே. ஆனால், அன்றாடக் கோப்புகள் பல தனித்து வாழ்வன அல்ல. பாடத்துக்காக ஒரு வலைப்பக்கத்தையும் அதற்குரிய படங்களையும் ஒரே கோப்புறையில் வைத்திருக்கும் ஆசிரியர், அப்பக்கத்தை வாயிலின் வழியே உலாவிக்கு அளித்தால், பக்கம் மட்டும் உள்ளே செல்லும். படங்கள் வெளியே நின்றுவிடும். திரைப்படக் கோப்பின் அருகிலுள்ள வசனக் கோப்புக்கும் இதே கதி நேரலாம்.

கருவிகளிலும் இத்தொல்லை உண்டு. டிஜிட்டல் கையொப்பம் இடும் அலுவலர், யுஎஸ்பி டோக்கனைச் செருகி உலாவியின் வழியே ஆவணங்களில் கையொப்பமிடுகிறார். டோக்கனுக்குரிய நிரல் கணிப்பொறியில் நிறுவப்பட்டிருந்தாலும், தனியறையிலுள்ள உலாவி அதைக் காண்பதில்லை. ஆகவே டோக்கன் செருகப்படாததுபோலவே நடந்துகொள்ளும். கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருளும் உலாவியும் தம்முள் பேசிக்கொள்வது ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப்பில் முதலில் இயலாதிருந்து, பின்னரே அதற்கு வழி செய்யப்பட்டது. கணிப்பொறி முழுவதற்கும் தேர்ந்துகொண்ட நிறமும் தோற்றமும் தனியறை மென்பொருளில் மட்டும் மாறித் தோன்றுவது, இவற்றோடு ஒப்பிடின், சிறிய குறையே எனலாம்.

காப்பு எவ்வளவு?

இத்தனை இடர்ப்பாடுகளும் காப்பின் பொருட்டு எனில் பொறுத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது. ஆனால், சுவர் எல்லா அறைகளிலும் ஒரே உயரமாக இல்லை.

ஃபிளாட்பேக் பொதியில் எந்தெந்த அனுமதிகள் வேண்டும் என்பதைக் கட்டுபவரே குறிக்கிறார். சுவரை எண்ணி எழுதப்படாத பழைய மென்பொருள்கள் பல, வீட்டுக் கோப்புறை முழுவதையும் படிக்கவும் எழுதவும் அனுமதி கேட்கின்றன. உபயோகிப்போரின் ஆவணங்கள் யாவும் இருக்குமிடம் அதுவே. அதைத் திறந்துவிட்டபின் அறைக்குச் சுவர் இருந்தென்ன? பழைய ‘எக்ஸ்11’ திரைமுறையை உபயோகிக்கும் மென்பொருள், பிற சாளரங்களில் தட்டப்படும் எழுத்துகளையும் அறியக்கூடும். ‘வேலண்ட்’ என்னும் புதிய திரைமுறையிலேயே இது தடுக்கப்படுகிறது. ஸ்நாப் முறையிலோ ‘கிளாசிக்’ எனக் குறிக்கப்பட்ட பொதிகளுக்குச் சுவரே இல்லை. நிரல் எழுதுவோர் பெரிதும் உபயோகிக்கும் சில கருவிகள் இவ்வகையினவே. அன்றியும், ஸ்நாப்பின் சுவர் ‘ஆப்ஆர்மர்’ என்னும் காவல் ஏற்பாட்டைச் சார்ந்தது. வேறு காவலைக் கையாளும் ஃபெடோரா போன்ற வழங்கல்களில் அச்சுவர் முழுமை பெறுவதில்லை.

சுவர், உள்ளே வந்தவரின் கையைக் கட்டுமேயன்றி, உள்ளே வருபவர் யார் என்று கேட்பதில்லை. 2018 மே மாதத்தில் ஸ்நாப் அங்காடியில் இருந்த ஒரு விளையாட்டு மென்பொருள், உபயோகிப்போர் அறியாமலே அவர்களுடைய இயந்திரத்தைக் கொண்டு மறைநாணயம் ஈட்டியது தெரியவந்து நீக்கப்பட்டது. 2023 செப்டம்பரில், மறைநாணயப் பணப்பைகளைப்போல் வேடமிட்ட போலிகள் அங்கே காணப்பட்டன. அவை உபயோகிப்போர் தாமே தட்டெழுதிய இரகசியச் சொற்களைக் கவர்ந்தன. கோப்புகளைத் தொடாமலே திருடிய இத்தகைய போலியைச் சுவர் எங்ஙனம் தடுக்கும்?

பொது நிரல் பற்றிய பழைய பாடமும் இங்கே திரும்பி வருகிறது. 2023 செப்டம்பரில் ‘வெப்பி’ என்னும் பட வகையைப் படிக்கும் நிரலில் கடுமையான குறை ஒன்று வெளிப்பட்டது. வழங்கலின் பொது நிரலைத் திருத்தியவுடன் அதைச் சார்ந்தவை காப்புற்றன. ஃபிளாட்பேக்கின் இயங்குதளத்திலுள்ள பிரதியைச் சார்ந்தவையும், அத்தளம் திருத்தப்பட்டதும் காப்புற்றன. ஆனால், தத்தம் பொதிக்குள்ளேயே தனிப் பிரதி வைத்திருந்த மென்பொருள்கள், அவற்றைக் கட்டியவர் ஒவ்வொருவரும் திருத்தும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வீடு தனிக் கிணறு எனில், ஒவ்வொன்றையும் தனித்தனியே துப்புரவு செய்ய வேண்டுமல்லவா? ஆதரவுக்காலம் முடிந்த இயங்குதளத்தின்மேலேயே இன்னும் நிற்கும் ஃபிளாட்பேக் மென்பொருள்களும் இதே அபாயத்துக்கு உட்பட்டவை.

சாவி யார் கையில்?

எல்லாவற்றினும் முக்கியமானது, கணிப்பொறியில் நிகழ்வதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் கேள்வி. ஸ்நாப் மென்பொருள்கள் நாளொன்றுக்கு நான்கு முறை புதிய பதிப்பு உண்டா எனப் பார்த்துத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். மறதியுள்ளவர்களுக்கு இது காப்பு. கைத்தொலைபேசியின் வழியே இணையத்தை உபயோகிக்கும் களப் பணியாளருக்கோ, கேளாமலே தரவு செலவாகலாம். இப்புதுப்பித்தலைக் காலவரையின்றி நிறுத்திவைக்கும் வசதி 2022-ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது.

2019 அக்டோபரில் வெளியான பதிப்பு முதல், உபுண்டுவில் பழைய முறையில் ‘குரோமியம்’ உலாவியை நிறுவக் கட்டளையிட்டாலும் ஸ்நாப் பொதியே நிறுவப்பட்டது. ஸ்நாப் அங்காடியை நடத்துவது கனோனிக்கல் நிறுவனம் ஒன்றே. அதன் சேவை நிரல் வெளிப்படையாக்கப்படவில்லை. உபயோகிப்போர் கேட்டது ஒன்று, பெற்றது மற்றொன்று என்று லினக்ஸ் மின்ட் வழங்கலார் ஆட்சேபித்தனர். 2020-இல் வெளியிட்ட தம் 20-ஆம் பதிப்பில், உபயோகிப்போர் தாமே தடையை நீக்கினாலன்றி ஸ்நாப் அமைப்பு நிறுவப்படாதவாறு செய்தனர். ஃபிளாட்பேக் முறையில் எவரும் அங்காடி அமைக்கலாம். எனினும், நடைமுறையில் பெரும்பாலோர் ‘ஃபிளாட்ஹப்’ என்னும் ஒரே அங்காடியையே நாடுகின்றனர்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் தனியறை முறையை அடியோடு விலக்க வேண்டும் என்பது கருத்தன்று. இணையத்திலிருந்து வரும் முன்பின் அறியாத கோப்புகளைக் கையாளும் மென்பொருளுக்குச் சுவர் இருப்பது நன்றே. வழங்கலில் இல்லாத மென்பொருளையோ, மிகப் புதிய பதிப்பையோ பெறுவதற்கு இது எளிய வழியுமாகும். எதை எங்கே உபயோகிப்பது என்று அறிதலே வேண்டுவது. பின்வரும் வழிகள் பயன் தரும்:

1. வழங்கலின் சொந்தப் பொதி போதுமானதாயின் அதையே முதலில் நிறுவுக. அச்சுப்பொறி, டோக்கன், பிற மென்பொருள் ஆகியவற்றோடு சேர்ந்து இயங்க வேண்டியவற்றுக்கு இது மிகவும் பொருந்தும்.

2. நிறுவுமுன், மென்பொருள் அங்காடியில் அது எவ்வகைப் பொதி, யார் கட்டியது, என்ன அனுமதிகளைக் கேட்கிறது என்பவற்றைப் படிக்க. ஃபிளாட்பேக் பொதிகளின் அனுமதிகளை ‘ஃபிளாட்சீல்’ என்னும் கருவியால் பின்னரும் கூட்டவோ குறைக்கவோ இயலும்.

3. கோப்பு திறக்க மறுத்தால், இயந்திரத்தையோ மாணவரையோ குறைகூறுமுன், அதை வீட்டுக் கோப்புறையிலுள்ள ஆவணங்கள் பகுதிக்கு நகலெடுத்துத் திறந்து பார்க்க. அங்கே திறந்தால், குறை அனுமதியைப் பற்றியதே.

4. உபயோகமற்றுப்போன இயங்குதளங்களை நீக்கும் கட்டளை ஃபிளாட்பேக்கில் உண்டு. தட்டு நிரம்பும்போது முதலில் அதை நாடுக.

5. தனியறை மென்பொருள்கள் தம் தரவுகளைத் தனி இடத்தில் சேமிக்கின்றன: ஸ்நாப், வீட்டுக் கோப்புறையில் தன் பெயரால் அமைந்த கோப்புறையில்; ஃபிளாட்பேக், புள்ளியிட்ட ஒரு மறைகோப்புறையில். நகலெடுத்துப் பாதுகாக்கும்போது இவ்விரண்டையும் தவறாது சேர்த்துக்கொள்க. ஸ்நாப் மென்பொருளை நீக்கினால் அதன் தரவும் நீங்கும். உபுண்டுவில் இயல்பாக எடுத்துவைக்கப்படும் நகல் 31 நாட்களே இருக்கும். மாணவர்கள் தம் வேலையை அங்கே சேமித்திருந்தால், மாதம் ஒன்று கடந்தபின் அதை மீட்பது அரிது.

ஐந்தாவது எச்சரிக்கையைப் பள்ளிக் கணிப்பொறிகளைப் பராமரிப்போர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். தட்டில் இடம் இல்லையென்று ஒரு மென்பொருளை நீக்குவது ஒரு நிமிட வேலை. அதனுடன் ஒரு வகுப்பின் ஓராண்டு உழைப்பும் நீங்கிவிடாதிருக்க, முன்கூட்டியே அறிந்திருத்தல் ஒன்றே வழி.

வீட்டுக்குச் சுவரும் கதவும் வேண்டியவையே. ஆனால், எந்தக் கதவு எப்பொழுது திறக்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். சாவியும் அவர் கையில் இருத்தல் வேண்டும். தனியறை மென்பொருள்களை உருவாக்குவோர் இதனை நோக்கிச் சிறிது சிறிதாக முன்னேறி வருகின்றனர். அதுவரையில், ‘அனுமதி இல்லை’ என்னும் சொற்கள் திரையில் தோன்றும்போது, தம் அறியாமையே காரணம் என்று எண்ணி வருந்தாமல், எந்தச் சுவர் குறுக்கே நிற்கிறது என்று தேடிக் காணும் தெளிவை ஆசிரியர்கள் தாமும் பெற்று, மாணவர்களுக்கும் அளிப்பார்களாக.